நேர்ந்துவிட்ட கை

அந்த போன்ல ஓடுறது கிரிக்கெட்டுதான தாயி? பாரு, பாரு, எனக்காக நிப்பாட்டாத. பொம்பளப் புள்ளைக ஆடுறதா? ம். சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க. அந்தக் கைதட்டுற சத்தத்த என்னால கேக்க முடியல. ஏன்னு நீ கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். திண்டுக்கல் வர்ற வரைக்கும் பஸ்ஸுல வாய மூடிக்கிட்டு உக்கார என்னால ஆகாது.

எனக்கு சாத்தூரு. காரச்சேவுக் கடை. மாவப் பெசஞ்சு, ஓட்டைக் கரண்டில வச்சு, கொதிக்கிற எண்ணெச் சட்டிக்கு மேல நின்னு உள்ளங்கையால தேய்க்கணும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தேய்க்கிறேன். இந்தக் கையப் பாரு, ரேகையே கெடையாது. ஆதார் கார்டு எடுக்கப் போனப்ப மிஷின்ல பதியவே மாட்டேன்னுருச்சு. சூடுங்கிறதே எனக்குத் தெரியாது தாயி.

என் மகளும் கிரிக்கெட்டுத்தான் ஆடுறா. சும்மா தெருவுல இல்ல, இந்தியாவுக்கு ஆடுனா. சிரிக்கிறியா? எல்லாரும் இப்பிடித்தான் சிரிப்பாக. மாரீஸ்வரின்னு போன்ல அடிச்சுப் பாரு, நீலச்சட்ட போட்டு நிப்பா. வேணாம், இப்பப் பாக்காத. நான் எறங்குனதுக்கு அப்புறம் பாத்துக்க. அவ பந்தச் சுத்திவிடுறவ. எல்லாம் விரல்ல இருக்குதும்பாக. இந்த ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் அவளுக்கு மூலதனம்னு ஒரு சாரு பேப்பர்ல எழுதியிருந்தாரு. எங்க வீட்டுக்காரரு அத வெட்டி, அவரு ஓட்டுற லாரிக்குள்ள ஒட்டி வச்சிருந்தாரு.

இந்தியாவுக்கு ஆடுற புள்ளைகளுக்கு எப்பிடிச் சம்பளம்னு உனக்குத் தெரியுமா? போர்டுன்னு ஒண்ணு இருக்கு. வருசா வருசம் ஒரு லிஸ்டு விடுவாக. ஒசந்த வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை. அதுல பேரு இருந்தா அந்த ஒரு வருசத்துக்கு நம்ம புள்ள அவுக புள்ள. ஆடுனாலும் சம்பளம், அடிபட்டுப் படுத்துக்கிட்டாலும் சம்பளம், வைத்தியச் செலவும் அவுகளே பாத்துக்குவாக. அடுத்த வருசம் லிஸ்டுல பேரு இல்லையா, போயிட்டு வாம்மான்னுகூடச் சொல்ல மாட்டாக. பேரு இருக்காது, அவ்வளவுதான்.

மொத தடவ இவ பேரு வந்தப்ப கடைசி வரிசைதான். காண்ட்ராக்டு போட்டிருக்காகம்மான்னு குதிக்கிறா. எனக்குப் பகீர்னுச்சு. என் தம்பி கரண்டு ஆபீஸ்ல காண்ட்ராக்டுல ஏறி, போஸ்ட்டு மரத்துல தொங்கித் தொங்கியே தலை நரச்சுப் போனான். நான் கேட்டேன், எப்படி பெர்மனென்ட் ஆக்குவாகன்னு. விழுந்து விழுந்து சிரிச்சா. “யம்மா, அங்க கேப்டனே காண்ட்ராக்டுதாம்மா”ன்னா. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல நிக்குது.

சம்பளம் குடுக்குறாகல்ல, அதுக்கு அவுக வச்ச சட்டத்தக் கேளு. கேக்காம வெளிய எங்கயும் ஆடக்கூடாது. நம்ம கைப்பக்குவக் கசாயம் குடிக்கணும்னாக்கூடக் கேக்கணும். தெனமும் காலைல போன்ல எழுதி அனுப்பணும், எப்பிடித் தூங்குன, எங்க வலிக்குது, தீட்டு வந்துச்சா முதக்கொண்டு. பெத்த நானே கேக்காதத அவுக கேக்குறாக தாயி. எங்க இருக்கோம்னு வேற சொல்லி வைக்கணுமாம். ஒரு நா விடிஞ்சும் விடியாம ரெண்டு பேரு வாசல்ல நிக்கிறாக. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, கையில பெட்டி. என்னன்னு கேட்டா, உங்க மகளோட மூத்திரம் வேணும்ங்கிறாக! ஊக்க மருந்து எதுவும் திங்கிறாளான்னு பாக்கவாம். அந்தப் பொம்பள குளியலறைக்குள்ளயே கூடப் போயி நின்னா. எதுத்த வீட்டு ராசாத்தி மதினி கோலப்பொடிய வச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கிறாக, போலீஸு வந்திருக்குன்னு தெருவெல்லாம் பேச்சு. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிறலாமான்னு இருந்துச்சு. இவ என்னடான்னா, “ரூல்ஸும்மா, காபி போட்டுக் குடும்மா அவுகளுக்கு”ங்கிறா.

அன்னைக்கு எனக்கு ஒரு ஆங்காரம் வந்துச்சு தாயி. மறைக்காமச் சொல்றேன். இந்தக் கையும் காலும் யாரு குடுத்தது? போர்டா பத்து மாசம் சொமந்துச்சு? வீட்டுக்கு வந்தாக்கூட ஒரு பலகாரம் திங்க மாட்டா, சேவு ஒரு பிடி அள்ளி வாயில வச்சா மேடம் திட்டுவாகங்கிறா. நிஷான்னு ஒரு மேடம், கேரளாக்காரப் புள்ள. பெங்களூரு கேம்ப்புல இவுகளுக்கெல்லாம் உடம்பப் பாத்துக்கிறவுக. எதுக்கெடுத்தாலும் நிஷா மேடம், நிஷா மேடம். பெத்தவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

ரெண்டாம் வருசம் லிஸ்டு வர்ற நேரம் இவளுக்குச் சரியா ஆட்டம் அமையல. வெளியவே உக்கார வச்சுட்டாக. பேரு வராதுன்னு புள்ள சோறு தண்ணி இல்லாம மொகட்டப் பாத்துப் படுத்துக் கெடந்தா. பெத்த வயிறு தாங்குமா? நேரா எங்க மாரியம்மன்கிட்டப் போனேன். அவ பேரத்தான இவளுக்கு வச்சிருக்கு. ‘ஆத்தா, எம்மக பேரு லிஸ்டுல வந்துட்டா, பங்குனிப் பொங்கலுக்கு அவ கையால உனக்குத் தீச்சட்டி எடுக்க வைக்கிறேன்’னு நேந்துக்கிட்டேன். அவகிட்டச் சொல்லல. சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பா.

பேரு வந்துருச்சு. அதே கடைசி வரிசைதான், ஆனா வந்துருச்சு. அப்பத்தான் போன்ல விசயத்தச் சொன்னேன். அவ மெதுவா, “யம்மா, விரலும்மா. நான் போர்டுல கேக்கணும்மா”ங்கிறா. எனக்கு வந்துச்சே கோவம். சாமி காரியத்துக்கு எவன்கிட்டடி உத்தரவு கேக்கணும்னு போன வச்சுட்டேன்.

அவ கேட்டிருக்கா. அந்த நிஷா மேடமே எனக்குப் போன் போட்டாக. அரகொறத் தமிழ்ல, மரியாதையாத்தான் பேசுனாக, அதையும் சொல்லணும்ல. “அம்மா, உங்க நம்பிக்கைய நான் தப்பு சொல்லல. அந்தக் கைய மட்டும் விட்டுட்டு வேற ஏதாச்சும் வேண்டுதல் மாத்திக்க முடியுமா?”ன்னாக. மாத்திக்கிறதுக்கு இது என்ன சேலையான்னு கேட்டுட்டேன். எங்க கோயில் பூசாரிகூடச் சொன்னாப்புல, புள்ளைக்குப் பதிலா தாயே எடுக்கலாம், ஆத்தா ஏத்துக்குவா, வழக்கந்தான், எத்தனையோ பேரு எடுக்குறாகன்னு. அந்தாளு புதுசா வந்தவரு, அவருக்கென்ன தெரியும்? வாக்குன்னா வாக்குதான். இல்லையா தாயி?

அப்பிடியும் அவ வாரேன்னு சொல்லல. நான் சாப்பாட்ட நிப்பாட்டுனேன். வெறும் தண்ணிதான். எங்க வீட்டுக்காரரு அவளுக்குப் போனப் போட்டுட்டாரு, உங்கம்மா மயங்கி விழுந்துட்டாடின்னு. மயங்கல்லாம் இல்ல, சும்மா தலை சுத்துச்சு. பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. வந்ததும் என் பக்கத்துல உக்காந்து கஞ்சிய ஊதி ஊதிக் குடுத்தா. நான் செயிச்சுட்டேன்னு நெனச்சேன். போர்டாவது ஒண்ணாவது, கூப்புட்டா எம்மக வருவான்னு தெருவுல நெஞ்ச நிமித்தி நடந்தேன். விரதத்த ஆரம்பிச்சுட்டுக் கேம்ப்புக்குப் போனவ, அங்கயும் விரதம் இருந்து பொங்கலுக்குத் திரும்பி வந்தா.

பங்குனிப் பொங்கலுன்னா எங்க ஊரு கொள்ளாது. மஞ்சச் சேலை கட்டி, வேப்பங்கொலய கையில வச்சு, மேல சட்டி. வெறகு தணதணன்னு எரியுது. என் புள்ள அம்புட்டு அழகா நடந்து வந்தா தாயி. கூட்டத்துல எவனோ ஒருத்தன் மொபைல்ல படம் எடுக்கிறேன்னு அவ முன்னால முண்டிக்கிட்டு வந்தான். சட்டி ஒரு பக்கமா சாஞ்சுருச்சு. ஒரு கங்கு உருண்டு வந்து சட்டிக்கும் விரலுக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. “யம்மா, சுடுதும்மா”ன்னா. ஒரே ஒரு தடவ சொன்னா. கோயில் வாசல் தெரியுது, இந்தா இருக்கு. நான் பக்கத்துலயே வந்தேன். “கீழ போட்றாதடி, குடும்பத்துக்கு ஆகாது”ன்னேன்.

போடல. கொண்டுபோயி எறக்கி வச்சா. வேண்டுதல் நெறஞ்சுருச்சு. குலவை போடுறாக எல்லாரும். நானும் போட்டேன். அப்புறந்தான் கையத் திருப்பிப் பாத்தேன்.

வேணாம், அத உனக்குச் சொல்லல. வலது கைதான். அந்த ரெண்டு விரலுந்தான்.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு வந்து உக்காந்ததும் அவ இடது கையால போன எடுத்தா. அடிபட்டா அன்னைக்கே போர்டுக்குச் சொல்லணும்னு சட்டமாம். நான் சொன்னேன், அடியே, கடையில எண்ணெ தெறிச்சுருச்சுன்னு எழுதிரு, வீட்டு வேலையில எவளுக்குத்தான் கை சுடல, அதுக்கு அவுக என்ன சொல்ல முடியும்னு. தலைய ஆட்டிட்டா. மேடம் வேணாம்னு சொல்லியும் செஞ்சேன்னு உள்ளத உள்ளபடி எழுதுனா. கடைசியா ஒரு வரி. எனக்கு இங்கிலீசு தெரியாது, என்னடி எழுதுனன்னு கேட்டேன். இது என்னோட சொந்த விருப்பத்துல செஞ்சது, யாரும் கட்டாயப்படுத்தலன்னு எழுதியிருக்கேம்மான்னா. எனக்கு நிம்மதியாப் போச்சு. ஆமா, நிம்மதியாத்தான் போச்சு. நாளைக்கு அந்த மேடம் என்னையக் குத்தம் சொல்ல முடியாதுல்ல?

போர்டக் கொறை சொல்ல முடியாது. பெங்களூருக்குக் கூப்பிட்டு நல்ல டாக்டர்கிட்டத்தான் காட்டுனாக. வெளிநாட்டுக்கு ஆடப்போற கூட்டத்துல இருந்து மட்டும் எடுத்துட்டாக. புண்ணு ஆறிருச்சு. ஆனா தோலு இறுகிப்போச்சு, விரல மடக்குனா இழுக்குது. பந்துல ஒரு தையல் இருக்கும்ல, அது விரலுக்குத் தட்டுப்படவே மாட்டேங்குதுன்னா. மரத்துப்போன நாக்குக்கு உப்பு எப்பிடித் தெரியும், அதுபோலத்தான்.

அவ அங்கிட்டுப் போயிட்டா. நான் ஊருக்குள்ள கெடக்கணும்ல? எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. சுத்தபத்தமா விரதம் இருந்து எடுத்தா தீச்சட்டி சுடாது, பூவாட்டம் இருக்கும்பாக. அப்ப எம்மகளுக்கு மட்டும் ஏன் சுட்டுச்சுன்னு கேக்க மாட்டாகளா? தண்ணிக் கொழாயில கேக்குறாக, ரேசன் கடையில கேக்குறாக, சேவு வாங்க வந்தவுக பொட்டலத்தக் கையில வச்சுக்கிட்டே கேக்குறாக. ஊரு வாய மூட ஒலைமூடி இருக்கா? ராசாத்தி மதினி என் மொகத்துக்கு நேராவே, வேண்டுதல் வச்ச தாய்க்கு ஏதாச்சும் கொறை இருந்திருக்கும்னுட்டாக. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்னு வந்துச்சு. ஒரு வேகத்துல சொல்லிட்டேன். என்கிட்ட என்ன கொறை, அவதான் கேம்ப்புல முட்டை தின்னிருப்பா, அந்தக் காண்ட்ராக்டுக்காரவுக தெனமும் முட்டை திங்கச் சொல்றாகல்ல, விரதத்துல தின்னுருக்கா, அதான் ஆத்தா காட்டிட்டான்னு.

பாத்தியான்னு கேக்குறியா? பாக்கல.

அவ தின்னிருக்கவே மாட்டா. நல்லாத் தெரியும் எனக்கு. விரதத்துல எளச்சுப்போயி, எடை கொறஞ்சு போச்சுன்னு அந்த மேடம் அவளத் திட்டுனத நானே போன்ல கேட்டேன். ஆனா சொல்லியாச்சு. சொன்னது ஊரு பூராம் போயிருச்சு. அதுக்கப்புறம் யாரும் என்னையக் கேக்கல. எல்லாம் அவளத்தான் பேசுனாக. அடுத்த வருசம் அவ லீவுல வந்தப்ப ஒரு கெழவி அவ கன்னத்தத் தடவி, ஏந்தாயி, அந்த ஒரு முட்டைய ஒதுக்கியிருக்கக் கூடாதான்னு கேட்டுருச்சு. அவ திரும்பி என்னையப் பாத்தா. நான் சேவுக் கரண்டியக் கழுவுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த வாரந்தான் புது லிஸ்டு வந்துச்சு. அவ போன்ல மேல கீழ மேல கீழ தள்ளிப் பாக்குறா. எத்தன தடவ தள்ளுனாலும் இல்லாத பேரு வருமா? எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. போர்டத் திட்டுனேன். ஈவு எரக்கம் இல்லாத பயலுக, சாமி காரியத்துல அடிபட்ட புள்ளையப் போயி இப்பிடிப் பண்ணுவானுகளான்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கத்தல, அழுகல. அப்புறம் கேட்டா.

“யம்மா, நேந்துக்கிறப்ப உன் கைய நேந்திருக்கலாம்லம்மா?”

சண்ட போடக் கேக்கல தாயி. வெளங்காம, தெரிஞ்சுக்கிறணும்னுதான் கேட்டா, பள்ளிக்கூடத்துல கணக்குக் கேக்குற மாதிரி.

திண்டுக்கல் வந்துருச்சா? இல்ல, இன்னும் கொடைரோடே தாண்டலயா. சரி. இன்னைக்கு அங்கதான் அவ ஆடுறா. போர்டு இல்ல, நம்ம தமிழ்நாட்டுக்கு. விரல வேற மாதிரி பிடிச்சு ஒரு பந்து பழகியிருக்கான்னு அவுகப்பாகிட்டச் சொன்னாளாம். எடுபட்டா மறுபடி கூப்பிடுவாகளாம், எடுபடாட்டி இதோட சரியாம். என்கிட்டச் சொல்லல. வைகாசியில வீட்ட விட்டுப் போனவ, இன்னும் என்கிட்ட மனசு விட்டுப் பேசல. போன் போட்டா எடுப்பா, ‘சாப்பிட்டியாம்மா’ம்பா, வச்சுருவா. நான் வர்றது அவளுக்குத் தெரியாது. உள்ள போக மாட்டேன். வேலிக்கு வெளிய நின்னு அவ பந்து போடுறத மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவேன்.

அவ கேட்டதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு நீ கேக்கவே இல்லையே தாயி? கேக்க மாட்ட. படிச்ச புள்ள, நாசூக்குத் தெரிஞ்ச புள்ள. என் புருசன்கிட்டக்கூட இதச் சொல்லல. உன்னைய மறுபடி எங்க பாக்கப் போறேன், உன்கிட்டச் சொல்லிர்றேன்.

ஆத்தா குத்தம் ஆயிரும்னு சொல்லியிருக்கலாம். வாக்கு மாறக்கூடாதுன்னு சொல்லியிருக்கலாம், பூசாரிகிட்ட அதத்தான சொன்னேன். தெரியாமப் பண்ணிட்டேன் தாயின்னு எம்மக காலப் பிடிச்சிருக்கலாம். யோசிக்கவே இல்ல நான். வாயத் தொறந்தேன், வந்துருச்சு.

“என் கைக்கு ஏதாச்சும் ஆயிட்டா, பொங்கல் யாவாரத்துக்குச் சேவு யாருடி தேய்ப்பா?”

இதத்தான் சொன்னேன். எம்மககிட்ட. அந்த விரல வச்சுக்கிட்டு எதுக்க உக்காந்திருக்குற புள்ளகிட்ட. சொன்னப்புறந்தான் என் காதுக்கே கேட்டுச்சு. அது அன்னைக்கு நெனச்சது இல்ல தாயி. கோயில்ல கும்பிட்டு நின்னப்பவே மனசுக்குள்ள இருந்திருக்கு. இந்தக் கைக்கு வேலை இருக்கு, அவ கைக்கு என்னன்னு.

அவ அடிச்சிருக்கலாம். தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டிருந்தாக்கூட, ஆமாடி நான் பாவிதான்னு கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். அவ என் கையப் பாத்தா. அப்புறம் தலைய ஆட்டுனா. ‘சரிதான், கடைய யாரு பாக்குறது’ன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆட்டுனா.